அம்போ என்றால் மாவட்டமா? தக்குவா பாவை வைத்து ஒரு விளக்கம்

தாய்லாந்து போய் வந்தவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் "காவ் லாக் மாவட்டம்" என்று அடிக்கடி பார்க்கிறேன். இரண்டே சொல், இரண்டிலும் தப்பு. காவ் லாக் என்று ஒரு நிர்வாகப் பிரிவே அங்கே கிடையாது. அந்தப் பெயரில் அழைக்கப்படும் சுற்றுலாக் கடற்கரைகளில் பெரும்பகுதி இருக்கும் பிரிவின் பெயர் தக்குவா பா. அதுவும் மாவட்டம் இல்லை, அம்போ.

அம்போ என்பதை ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிக்ட் என்று எழுதுகிறார்கள். டிஸ்ட்ரிக்ட் என்று கண்ட இடமெல்லாம் மாவட்டம் என்று போடுவது நம் கைப்பழக்கம். நானும் வெகுநாள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதனால் தக்குவா பா என்ற ஒரே ஒரு நாட்டுப்புற அம்போவை எடுத்துவைத்துக்கொண்டு, அதன் நிலம், நிர்வாகம், வரலாறு மூன்றையும் முதலிலிருந்து பார்த்துவிடலாம்.

(அம்போ என்றதும் "அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்" நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. அவர்கள் வாயில் "ப" அழுத்தமாக வரும், கடைசி உயிர் ஓவுக்கும் எகரத்துக்கும் நடுவே நிற்கும். தமிழ் எழுத்தில் இதற்குமேல் நெருங்க முடியவில்லை.)

ஒரு முகவரியைப் பிரித்தால்

தாய்லாந்துக் கிராமத்து முகவரி ஒன்று இப்படி இருக்கும்: வீட்டு எண், மூ 5, தம்பொன் குக்காக், அம்போ தக்குவா பா, ஜங்வாட் பங்ஙா, 82220.

கடைசியிலிருந்து வருவோம். ஜங்வாட் என்பது மாகாணம். பாங்காக் தனி, அது போக நாட்டில் 76 ஜங்வாட்டுகள். அளவிலும் அதிகாரத்திலும் நம் மாவட்டத்துக்குக் கிட்டத்தட்ட இணையானது இதுதான். மாகாணம் என்று மொழிபெயர்த்துவிட்டதால் நமக்கு மாநிலம் போலத் தோன்றுகிறது. ஆனால் சட்டமன்றம், முதலமைச்சர் எதுவும் அதற்குக் கிடையாது. உள்துறை அமைச்சகம் அனுப்பும் ஆளுநர் ஒருவர் இருக்கிறார், அவர் வேலை கலெக்டர் வேலை மாதிரி.

ஜங்வாட்டுக்குள் வருவது அம்போ. நம் ஊர்க் கணக்கில் இது வட்டம், அதாவது தாலுகா. பங்ஙாவில் 8 அம்போக்கள் இருக்கின்றன, நாடு முழுவதும் 878. அம்போவுக்குள் தம்பொன்கள், தக்குவா பாவில் அவை எட்டு. தம்பொனுக்குள் முபான், அதாவது கிராமம். முகவரியில் "மூ 5" என்று வந்தது அந்தத் தம்பொனின் ஐந்தாம் எண் கிராமம். ஊருக்கு அழகான பெயர் ஒன்று இருக்கும்; ஆனால் கடிதத்திலும் படிவத்திலும் எண்தான் ஓடும்.

எது கிராமம் என்பதற்கு 1914-ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அளவு சொல்கிறது: சுமார் 200 பேர் இருந்தால் ஒரு முபான், வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடமானால் ஐந்து வீடு இருந்தாலே போதும். தம்பொனுக்குச் சுமார் இருபது கிராமங்கள் என்று கணக்கு. ஆளை எண்ணி வகுத்த பிரிவுகள் இவை. நிலத்தை அளந்து எல்லைக் கல் நட்டுப் பிறந்த நம் வருவாய்க் கிராமம் மாதிரி நினைத்துக்கொண்டால் குழம்பிப்போவோம்.

இதுவரை வந்தது: முபான், தம்பொன், அம்போ, ஜங்வாட். அம்போ தாலுகாவுக்கு இணை, ஜங்வாட் மாவட்டத்துக்கு இணை.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

தக்குவா பா தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில், அந்தமான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர். கிழக்கே காடடர்ந்த மலை, மேற்கே கடல், இடையில் ரப்பரும் எண்ணெய்ப் பனையும். மே தொடங்கி அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். பக்கத்து அம்போவான கபொங்கின் மலைகளிலிருந்து இறங்கும் தக்குவா பா ஆறு, அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து பல வாய்களாகக் கடலில் கலக்கிறது. முகத்துவாரத்துக்கு எதிரே நீளமாகக் கிடக்கும் கோ கோ காவ் தீவும் ஒரு தம்பொன்.

சாலை இரண்டு. நான்காம் எண் நெடுஞ்சாலை கரையோரமாக வடக்கு-தெற்காகப் போகிறது. 401-ஆம் எண் சாலை இங்கிருந்து கிளம்பி, காவ் சோக் மலைகளின் ஊடே மறுகரையில் இருக்கும் சூரத் தானிக்குப் போகிறது. அந்தக் குறுக்குச் சாலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலேயே இந்த மண்ணின் கதை இருக்கிறது. தக்குவா என்றால் ஈயம், பா என்றால் காடு. தமிழில் காரீயம், வெள்ளீயம் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம் அல்லவா? இங்கே மண்ணுக்கடியில் கிடந்தது வெள்ளீயம். பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதே உலோகம்.

ஒரே ஊர், இரண்டு நிர்வாகம்

பலரும் சறுக்கும் இடம் இது. தாய்லாந்துக் கிராமம் ஒன்றில் ஊர்த்தலைவர் என்று ஒருவர் இருப்பார். தம்பொன் அமைப்பின் தலைவர் என்று இன்னொருவர் இருப்பார். இருவருமே தேர்தலில் வென்றவர்கள். எதற்கு இரண்டு?

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டட உரிமையாளர் தன் சார்பில் ஒரு மேலாளரை வைத்திருக்கிறார். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பதிவேடு அவரிடம். இன்னொரு பக்கம் குடியிருப்போர் சங்கம். குப்பை, தண்ணீர், மாடிப்படி விளக்கு அவர்கள் பாடு. சங்கத்தை நடத்துவது குடியிருப்பவர்கள், மேலாளருக்குச் சம்பளம் கொடுப்பது உரிமையாளர்.

தாய்லாந்தில் உரிமையாளர் இடத்தில் இருப்பது பாங்காக்கின் உள்துறை அமைச்சகம். அது கீழே நீட்டும் கைக்கு வட்டார நிர்வாகம் என்று பெயர். ஜங்வாட்டில் ஆளுநர், அம்போவில் நாய் அம்போ. ("நாய்" என்பது அங்கே தலைவருக்கான மரியாதைச் சொல். முதலில் கேட்கும் தமிழ்க் காது கொஞ்சம் திடுக்கிடும்.) இருவரும் நியமன அதிகாரிகள், இடமாற்றத்தில் வந்து போகிறவர்கள்.

சாதாரண மனிதருக்கு அரசாங்கம் என்றால் இந்த அம்போ அலுவலகம்தான். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு, நீல அட்டை போட்ட வீட்டுப் பதிவேடு, அடையாள அட்டை எல்லாம் அங்கே. கல்யாணத்தைப் பதிந்தாயிற்றா என்று கேட்க வேண்டுமானால் "அம்போவுக்குப் போய்விட்டீர்களா?" என்றாலே விளங்கிவிடும். 2025 ஜனவரி 23-இல் ஒருபாலினத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் நாடெங்கும் இணையர்கள் வரிசையில் நின்றதும் இந்த அலுவலகங்களில்தான்.

அம்போ அங்கே ஆளோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாள அட்டையைப் பார்த்தால் போதும். 13 இலக்க எண்ணில் இரண்டாவது முதல் ஐந்தாவது வரையுள்ள நான்கு இலக்கங்கள், அந்த எண்ணை முதலில் வழங்கிய பதிவு அலுவலகத்தின் குறியீடு. தக்குவா பா அம்போவின் குறியீடு 8205. பக்கத்துக் கபொங் 8203. குழந்தை வளர்ந்து பாங்காக் போய் அங்கேயே வீடு வாங்கினாலும் அந்த 8205 மாறாது.

நாய் அம்போவுக்குக் கீழே தம்பொனுக்குக் கம்னான், கிராமத்துக்குப் பூ யாய் பான். பூ யாய் என்றால் பெரிய ஆள், பான் என்றால் வீடு அல்லது ஊர். நம் "பெரியதனக்காரர்" வாசனை அடிக்கும் சொல். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பூ யாய் பானை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அவர் மேலாளர் பக்கத்து ஆள். மாதப்படி தருவது உள்துறை. காக்கிச் சீருடை உண்டு. ஒருமுறை வென்றால் 60 வயது வரை பதவி, இடையில் சில ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பீடு. 1992-இல் ஐந்தாண்டுப் பதவிக்காலம் கொண்டுவந்தார்கள், 2008-இல் பழையபடி 60 வயதுக்கே திரும்பிவிட்டார்கள். தம்பொனில் உள்ள பூ யாய் பான்கள் தங்களுக்குள் ஒருவரைக் கம்னான் ஆக்குவார்கள்.

காலையில் கம்பத்து ஒலிபெருக்கியில் தடுப்பூசி முகாம், கோவில் திருவிழா, காணாமல்போன மாடு என்று அறிவிப்பது பெரும்பாலும் பூ யாய் பானின் குரல். ஊரில் யார் புதிதாக வந்தார், யார் யாரோடு சண்டை என்பதும் அவருக்குத் தெரியும், தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பதவியின் பொருளே.

குடியிருப்போர் சங்கத்தின் இடத்தில் இருப்பது உள்ளாட்சி. நாட்டுப்புறத் தம்பொனில் அதற்கு ஓ-போ-தோ என்று பெயர். தம்பொன் நிர்வாக அமைப்பு என்பதன் முதலெழுத்துகள். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நகரமாக வளர்ந்த பகுதியில் அதுவே தேசபான். இந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் "தேசபால்" என்று வரும். சொல்லின் கடைசி ல-வை ந் என்று ஒலிப்பது அவர்கள் மொழியின் வழக்கம். உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த தேசமும் பாலனமும்தான். குப்பை, வடிகால், உள்சாலை, குழந்தைகள் மையம் ஆகியவை இவர்கள் பொறுப்பு. இவர்களுக்கு நான்காண்டுப் பதவிக்காலம்.

இரண்டும் எங்கே உரசும்? சின்னச் சாலை ஒன்றைப் போட ஓ-போ-தோவிடம் நிதி இருக்கிறது. ஆனால் ஊர்க்கூட்டத்தைக் கூட்டும் செல்வாக்கு கம்னானிடம். கண்காணிக்கும் அதிகாரம் நாய் அம்போவிடம். மூவரும் ஒரே கட்சிக்குச் சாய்ந்தவர்களாக இருந்தால் சாலை சீக்கிரம் வரும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று: அம்போவில் உள்ள காவல்நிலையம் நாய் அம்போவின் கீழ் வராது, அது காவல்துறையின் தனி ஏணி. அம்போ தலைவர் என்றால் எல்லாவற்றுக்கும் தலைவர் என்று எண்ணிவிடக் கூடாது.

சுருக்கமாக: ஆளுநர், நாய் அம்போ, கம்னான், பூ யாய் பான் ஆகியோர் பாங்காக்கின் கை. ஓ-போ-தோவும் தேசபானும் ஊரின் கை. கம்னானும் பூ யாய் பானும் தேர்தலில் வந்தாலும் முதல் கையைச் சேர்ந்தவர்கள்.

ஊரைத் தின்ற காலம்

இந்த ஏணி பழங்காலத்தது போலத் தெரியும், ஆனால் வயது 130-ஐ ஒட்டித்தான். அதற்குமுன் ஒவ்வொரு ஊரையும் ஆண்டது உள்ளூர்ப் பெருங்குடும்பம். சம்பளம் கிடையாது, வசூலில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பாங்காக்குக்கு அனுப்புவார்கள். இதற்கு "கின் முவாங்" என்று பெயர். நேர்ப்பொருள், ஊரைத் தின்பது. வசைச்சொல் போல இருந்தாலும் அந்தக் காலத்தில் அது வெறும் நிர்வாகச் சொல்.

ஒரு பக்கம் பர்மாவைப் பிரிட்டனும் மறுபக்கம் இந்தோசீனத்தைப் பிரான்சும் விழுங்கிக்கொண்டிருந்தபோது, எல்லையூர்களை உள்ளூர்க் குடும்பங்களிடம் விட்டுவைப்பது ஆபத்து என்று மன்னர் சூலலோங்கோர்னின் அரசு கணக்குப் போட்டது. 1892-இல் உள்துறையை ஏற்ற இளவரசர் தாம்ரோங், பல ஊர்களை மொந்தோன் என்ற பெருவட்டங்களாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் பாங்காக்கிலிருந்து ஆணையரை அனுப்பினார். அதே ஆண்டு அயுத்தயா அருகே பாங் பா-இன்னில், கிராமத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கும் சோதனை நடந்தது. ஆகஸ்ட் 10-ஐ இன்றும் கம்னான்-பூ யாய் பான் நாளாகக் கொண்டாடுவது அதை நினைத்துத்தான். 1897-இல் முதல் சட்டம், 1914-இல் அதைத் திருத்தி எழுதிய சட்டம். இரண்டாவது இன்றுவரை, எத்தனையோ ஒட்டுகளோடு, நடப்பில் இருக்கிறது.

மேலே உரிமையாளர், கீழே உள்ளூர் ஆள் என்ற ஏற்பாடு ஏன் இப்படிக் கலவையாக இருக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய குடும்பத்திடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் அதிகாரி அனுப்ப ஆளும் இல்லை, காசும் இல்லை. ஊரே ஒருவரைத் தேர்ந்து தரட்டும், சீருடையை நாம் மாட்டிவிடலாம்.

தக்குவா பா அப்போது அம்போ அல்ல. ஈயச் செல்வத்தால் தனி முவாங். பிறகு, புக்கெட் மொந்தோனின் கீழ் ஒரு முழு ஜங்வாட். 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் கஜானா காய்ந்ததும் அரசு செலவைக் குறைக்கச் சில மாகாணங்களைப் பக்கத்து மாகாணங்களோடு இணைத்தது. 1932-இல் தக்குவா பா மாகாணம் கலைந்து பங்ஙாவோடு சேர்ந்து, வெறும் அம்போ ஆனது. மொந்தோன்களும் அதற்கடுத்த ஆண்டே ஒழிந்தன.

மண் மூடிய துறை

ஈயம் தோண்ட வந்தவர்களில் பெரும்பாலோர் ஹொக்கியன் சீனர்கள். பழைய ஊரின் ஸ்ரீ தக்குவா பா தெருவில் அவர்கள் கட்டிய கடைவீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. கீழே வளைவுகளோடு நடைபாதை, மேலே மரச் சாளரம். நடைபாதையில் ஒரு கடையின் முன்வாசலிலிருந்து அடுத்ததற்கு நனையாமல் போய்விடலாம். இந்த ஊர் மழைக்கு அது அலங்காரத்துக்காகக் கட்டியதாக இருக்க முடியாது.

அந்தத் தெரு இப்போது அமைதியாக இருக்கக் காரணமும் ஈயம்தான். மேட்டில் மண்ணைக் கழுவிக் கழுவி ஈயம் எடுத்தார்கள்; கழுவிய சேறு ஆற்றில் இறங்கியது. ஆறு மேடிட்டது, படகு வர முடியவில்லை, வணிகம் சில கிலோமீட்டர் தள்ளி யான் யாவ் பக்கம் நகர்ந்தது. பேருந்து நிறுத்தம், பெரிய சந்தை எல்லாம் அங்கே. 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தபோது சுரங்கத் தொழிலும் படுத்தது. சுரங்கத் தூர்வாரிக் கப்பலின் இரும்பைக் கொண்டு கட்டிய குறுகலான பாலம் ஒன்று இன்னும் ஆற்றைக் கடக்கிறது.

வரைபடத்தில் இல்லாத காவ் லாக்

ஈயம் போன இடத்தில் சுற்றுலா வந்தது. காவ் லாக் உண்மையில் ஒரு மலையின் பெயர், "காவ்" என்றால் மலை. அதன் அடிவாரக் கடற்கரை தெற்கே தாய் முவாங் அம்போவில் இருக்கிறது. விடுதிகள் பெருகியதோ வடக்கே தக்குவா பாவின் குக்காக் தம்பொனில், பாங் நியாங் பக்கம். விளம்பரத்தில் எல்லாம் காவ் லாக். அங்கிருந்து படகேறிப் பார்க்கும் சிமிலன் தீவுகள் நிர்வாகப்படி மூன்றாவது ஓர் அம்போ, குரா புரி. ஒரு நாள் சுற்றுலாவில் மூன்று அம்போக்களைத் தொட்டுவிட்டு "காவ் லாக் மாவட்டம்" என்று எழுதுகிறோம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தாய்லாந்தில் அதிக உயிர் போனது இந்தக் கரையில்தான். நாட்டில் உறுதிசெய்த இறப்பு 5,300-க்கு மேல், அதில் பெரும்பகுதி பங்ஙா மாகாணம். பாங் நியாங்கில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் உள்ளே அலை தூக்கி எறிந்த 813-ஆம் எண் காவல் படகை அங்கேயே நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். பாங் முவாங் தம்பொனின் பான் நாம் கெம் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. பெயருக்கு உப்புத்தண்ணீர் ஊர் என்று பொருள். ஈயம் தோண்ட வந்தவர்கள் குடியேறி, பிறகு மீன்பிடிக்கு மாறிய ஊர் அது.

பதிவேடு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரிந்தது. தக்குவா பாவின் யான் யாவ் கோவில் பிணவறையானது. இறந்தவர் யார் என்று அடையாளம் காண, வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஊரிலிருந்து பல் மருத்துவக் குறிப்புகள் வந்தன, உள்ளூர்க்காரர்களுக்கு அம்போ பதிவு இருந்தது. எந்தப் பதிவிலும் இல்லாத பர்மியத் தொழிலாளிகளைத் தேடிவரப் பலருக்கு யாரும் இல்லை, வந்தாலும் கைதாகும் பயம். தலைமுறைகளாகக் கரையோரம் வாழும் மொக்லென் கடல்மக்களுக்கோ வேறு சிக்கல்: வீடு இருந்தது, பட்டா இல்லை. அலை வடிந்ததும் சில இடங்களில் நிலம் யாருடையது என்ற வழக்கு எழுந்தது.

தக்குவா பாவில் இல்லாத தக்குவா பா கல்வெட்டு

தமிழர்கள் இந்த ஊரைக் கேள்விப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஒரு கல்வெட்டால்தான் இருக்கும். ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்து, சில வரிகள், அரசன் பெயர் சிதைந்துவிட்டது. ஒருவர் தோண்டிய குளம், பெயர் ஸ்ரீ அவனிநாரணம்; மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலம் என்கிறது. மணிக்கிராமம் என்பது வணிகர் குழு, சேனாமுகத்தார் என்பது படையினர். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். அதே காலத்துச் சீனத் தாங் மட்பாண்ட ஓடுகளும் மேற்காசியக் கண்ணாடியும் கோ கோ காவ் தீவின் துங் துக்கில் கிடைத்திருக்கின்றன. ஆறு வழியாக மலையேறி மறுகரைக்குச் சரக்கைக் கடத்தியிருப்பார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த 401-ஆம் எண் சாலை போகிற திசைதான். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்த இடமே என்பாரும் உண்டு, இன்னும் தெற்கே திராங் என்பாரும் உண்டு.

இந்தக் கல்வெட்டைத் தக்குவா பா கல்வெட்டு என்றுதான் எல்லா நூலும் சொல்கிறது. ஆனால் அது கிடைத்த காவ் பிரா நாராய் குன்று இன்றைய தக்குவா பா அம்போவில் இல்லை. ஆற்றின் மேற்போக்கில், லே தம்பொன், கபொங் அம்போ. கல்வெட்டு வெளியே தெரியவந்த 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்குவா பா பெரிய முவாங். அந்தக் குன்றும் அதற்குள் அடங்கியிருந்தது. பிறகு கோடு நகர்ந்தது, கல்வெட்டின் பெயர் நகரவில்லை. குன்றருகே மரவேர்கள் கவ்விப் பிடித்திருந்த விஷ்ணு சிலைத் தொகுதியைப் புக்கெட்டின் தலாங் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்வெட்டு இருப்பது நகோன் ஸி தம்மராட்டில், மலைக்கு அந்தப் பக்கம், வேறொரு ஜங்வாட்டில்.